முந்நூற்று ஐந்து எப்படி 3005 ஆகிறது? வரும் பருவத்தின் கணக்குப் பாடத்துக்கு ஒரு முன்னோட்டம்

இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படிக்கும் ஒரு பிள்ளையிடம் "முந்நூற்று ஐந்து, எழுது பார்க்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். பல பிள்ளைகள் 3005 என்று எழுதுவார்கள். கவனம் இல்லை என்று கோபப்பட வேண்டாம். காதில் விழுந்ததை அந்தக் குழந்தை மிகச் சரியாகத்தான் எழுதியிருக்கிறது. முதலில் விழுந்தது முந்நூறு, அது 300. அடுத்து விழுந்தது ஐந்து, அது 5. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 3005. தெரிந்ததை வைத்துக்கொண்டு ஒழுங்காக யோசித்திருக்கிறது. அதற்கு இன்னும் பிடிபடாதது ஒன்றே ஒன்று: ஓர் இலக்கம் எவ்வளவு என்பதை அது நிற்கும் இடமும் சேர்ந்தே சொல்கிறது என்பது.

அதன் பெயர்தான் இடமதிப்பு. புதிய பருவம் தொடங்கும்போது பிள்ளை கொண்டுவரும் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் இந்தச் சொல் ஏதோ ஒரு பாடத்தின் தலைப்பாக இரண்டு மூன்று பக்கங்களில் முடிந்துவிடுவதுபோலத் தெரியும். அப்படி இல்லை. முதல் வகுப்பில் பத்துகளும் ஒன்றுகளும், இரண்டாம் வகுப்பில் இரண்டிலக்க எண்களைக் கூட்டுவது, மூன்றில் ஆயிரம் வரையிலான எண்களும் இனமாற்றத்துடன் (அதாவது பக்கத்து இடத்தின் ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாக மாற்றி) கழித்தலும், நான்கில் பெரிய எண்களைப் பெருக்குவதும் வகுப்பதும், ஐந்தில் லட்சமும் தசம எண்களும் என்று பாடங்கள் வரும். (பாடத்திட்டத்தைப் பொறுத்து ஒரு வகுப்பு முன்பின் இருக்கலாம்.) தலைப்புகள்தான் வேறு. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இடமதிப்பு. வீட்டில் பிள்ளையோடு கணக்குக்காக உட்கார உங்களுக்குக் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும் என்றால், அந்த நேரம் முழுவதையும் இதற்கே கொடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

பத்து குச்சி, ஒரு கட்டு

நம்மிடம் இருக்கும் எண்குறிகள் பத்து மட்டும்தான்: 0 முதல் 9 வரை. ஒன்பது வரை எண்ணுகிறோம், ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு குறி இருக்கிறது. அடுத்து ஒன்று வந்தால் குறி தீர்ந்துவிட்டது. அப்போது என்ன செய்கிறோம்? பத்தையும் ஒன்றாகக் கட்டி, "ஒரு பத்து" என்று இடப்பக்கம் எழுதுகிறோம். தனியாக மீதி ஏதும் இல்லாததால் வலப்பக்கம் பூஜ்யம். அதுதான் 10. பத்துக் கட்டுகள் சேர்ந்தால் அதையும் பெரிய கட்டாகக் கட்டி இன்னும் ஓர் இடம் இடப்பக்கம் தள்ளுகிறோம். அது நூறு. பத்து நூறு சேர்ந்தால் ஆயிரம். விதி ஒன்றுதான், அது திரும்பத் திரும்ப வருகிறது. கை விரல்கள் பத்து என்பதால்தான் மனிதர்கள் பத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது பொதுவான கருத்து.

பெரியவர்களுக்கு இது மூச்சு விடுவதுபோல ஆகிவிட்டதால் இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். கஷ்டம் இருக்கிறது. குழந்தை ஒரே சமயத்தில் இரண்டு விஷயங்களை நம்ப வேண்டும். கையில் இருக்கும் கட்டு "ஒன்று". அதே கட்டு "பத்து". ஒரே பொருள் ஒன்றாகவும் பத்தாகவும் எப்படி இருக்க முடியும்? ஐந்து ஆறு வயதில் இது உண்மையிலேயே பெரிய கேள்வி.

குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் ஜான் பியாஜேயிடம் பயின்ற கான்ஸ்டன்ஸ் கமீ என்ற கல்வி ஆய்வாளர் இதைச் சோதிக்க ஓர் எளிய வழியைக் கையாண்டார். நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். 16 பொத்தான்களைப் பரப்பி வையுங்கள். குழந்தையை எண்ணச் சொல்லி, தாளில் 16 என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு 6 என்ற இலக்கத்தை வட்டமிட்டு, "இந்தப் பகுதி எந்தப் பொத்தான்களைச் சொல்கிறது, காட்டு" என்று கேளுங்கள். ஆறு பொத்தான்களைத் தள்ளி வைக்கும். சரி. இப்போது 1-ஐ வட்டமிட்டு அதே கேள்வியைக் கேளுங்கள். பல பிள்ளைகள் ஒரே ஒரு பொத்தானை எடுத்து வைப்பார்கள். மீதி ஒன்பது பொத்தான்கள் அநாதையாகக் கிடக்கும், அது அவர்களை உறுத்தவே உறுத்தாது. இரண்டாம் வகுப்பில், மூன்றாம் வகுப்பில்கூட இப்படிச் செய்யும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுள் பலர் நூறு வரை தடையில்லாமல் ஒப்பிப்பவர்கள். 16 என்று எழுதவும் படிக்கவும் தெரிந்தால் பதினாறு புரிந்துவிட்டது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அது இரண்டு வேறு விஷயம்.

உங்கள் பிள்ளை ஒரு பொத்தானைத்தான் எடுத்து வைத்தது என்றால் பதற வேண்டாம், உடனே திருத்தவும் வேண்டாம். "ஒன்று இல்லை, பத்து" என்று சொன்னால் அடுத்த முறை பத்தை எடுத்து வைக்கும், ஏன் என்று தெரியாமலே. அதற்குப் பதிலாகக் குச்சிகளை எடுங்கள்.

நூறு குச்சிகளும் கொஞ்சம் ரப்பர் வளையங்களும் போதும். பிள்ளை தன் கையாலேயே பத்து பத்தாக எண்ணிக் கட்ட வேண்டும். இது முக்கியம். கடையில் கிடைக்கும் பத்துக்கட்டைகளும் மணிகளும் நல்லவைதான். மாண்டிசோரி வகுப்புகளில் பத்து மணிகளைக் கம்பியில் கோத்து வைத்திருப்பார்கள், சோல்டான் டீன்ஸ் என்ற ஹங்கேரியக் கணிதர் பரவலாக்கிய பத்துக்கட்டைகள் பல நாட்டு வகுப்பறைகளில் இருக்கின்றன. ஆனால் ஏற்கெனவே ஒட்டிக்கிடக்கும் கட்டையைப் பிரிக்க முடியாது. ரப்பர் வளையம் போட்ட குச்சிக்கட்டு என்றால் அவிழ்க்கலாம். அவிழ்த்தால் உள்ளே பத்து இருக்கிறது, மறுபடி கட்டினால் ஒன்று. ஒன்றும் பத்தும் ஒரே பொருள்தான் என்பதைக் கை தெரிந்துகொள்ளும்.

பள்ளியில் ஆணிமணிச் சட்டமும் வரும். அதில் எல்லா மணியும் ஒரே அளவு. பத்தின் கம்பியில் ஒரு மணி போட்டால் அது பத்து, ஒன்றின் கம்பியில் போட்டால் ஒன்று. தாளில் எழுதும் எண்ணுக்கு மிக நெருக்கமானது அதுதான், இடம் மட்டுமே மதிப்பைச் சொல்கிறது. அதனாலேயே அது கடினம். குச்சிக்கட்டு முதலில், மணிச்சட்டம் பிறகு என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

குழந்தை எழுதியது பழந்தமிழ் முறை

இப்போது அந்த 3005-க்குத் திரும்புவோம். பழைய தமிழ் எண்களில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள் இருந்தன. முந்நூற்று ஐந்தை ௩௱௫ என்று எழுதினார்கள். மூன்று, நூறு, ஐந்து. வாயால் எப்படிச் சொல்கிறோமோ அப்படியே. 2345 என்றால் ௨௲௩௱௪௰௫. பூஜ்யம் தேவையே இல்லை. 3005 வேண்டுமானால் ௩௲௫ என்று எழுதினால் போதும், குழப்பம் வராது. முந்நூறை எழுதி, பக்கத்தில் ஐந்தை எழுதிய நம் குழந்தை செய்திருப்பதும் இதையேதான். இந்த ஒற்றுமையை முதன்முதலில் கவனித்தபோது எனக்கு அந்தத் தவறின் மீதே ஒரு மரியாதை வந்தது.

அப்படியென்றால் அந்த முறையை ஏன் விட்டோம்? ௨௱௪௰௭ என்பதையும் ௩௱௮௰ என்பதையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டிப் பாருங்கள். இலக்கங்கள் நேர்வரிசையில் நிற்காது. எண் பெரிதாகப் பெரிதாகப் புதுப்புதுக் குறிகளும் வேண்டும். இடமதிப்பு முறையில் பத்தே குறிகள். எவ்வளவு பெரிய எண்ணும் எழுதலாம், வரிசை பிடித்துக் கூட்டலாம், பெருக்கலாம்.

சுமார் 4000 ஆண்டுகளுக்கு முன்பே பாபிலோனியர்கள் இடத்தை வைத்து மதிப்புச் சொல்லும் முறையை வைத்திருந்தார்கள். அவர்கள் கட்டியது பத்தாக இல்லை, அறுபதாக. ஒரு மணிக்கு 60 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி என்பது அதன் மிச்சம். ஆனால் நெடுங்காலம் அவர்களிடம் வெற்று இடத்தைக் காட்டக் குறி இல்லை. எண் எவ்வளவு என்பதைச் சூழலை வைத்து ஊகிக்க வேண்டியிருந்தது. பூஜ்யத்தை ஓர் எண்ணாகவே எடுத்து அதற்குக் கூட்டல், கழித்தல் விதிகளை எழுதியவர் இந்தியக் கணிதர் பிரம்மகுப்தர், 628-ஆம் ஆண்டில். குவாலியரில் உள்ள சதுர்புஜர் கோயிலின் 876-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் 270 என்ற எண்ணும் 50 என்ற எண்ணும் வட்டமான பூஜ்யத்தோடு செதுக்கப்பட்டிருக்கின்றன. பாக்தாத்தில் அல் குவாரிஸ்மி என்ற கணிதர் 9-ஆம் நூற்றாண்டில் இந்த எண்களைப் பற்றி எழுதினார். அல்காரிதம் என்ற சொல் அவர் பெயரிலிருந்து வந்ததுதான். ஐரோப்பாவில் இதைப் பரப்பியதில் 1202-இல் நூல் எழுதிய இத்தாலியக் கணிதர் ஃபிபொனாச்சிக்குப் பெரிய பங்கு உண்டு.

மனித குலம் இத்தனை நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்ட ஒரு யோசனையை நாம் ஏழு வயதுக் குழந்தைக்கு ஒரு பருவத்தில் கொடுக்கிறோம். அதற்கு இரண்டு வாரம் கூடுதலாகத் தேவைப்பட்டால் கொடுக்கலாம்.

எண்ணின் பெயர் உதவும், சில இடங்களில் குழப்பும்

தமிழில் எண்ணும் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. பதின்மூன்று என்ற சொல்லுக்குள்ளேயே பத்தும் மூன்றும் இருக்கின்றன, அதுவும் எழுதும் வரிசையிலேயே. இருபது என்றால் இரு பத்து. ஐம்பத்தாறு என்றால் ஐந்து பத்தும் ஆறும். ஆங்கிலத்தில் எண்ணும் பிள்ளை ஃபோர்ட்டீன் என்று கேட்டதும் முதலில் ஃபோர் காதில் விழுவதால் 41 என்று எழுதிவிடுவது உண்டு. தர்ட்டீன், தர்ட்டி இரண்டும் ஒலியில் கலந்துவிடும். வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் என்று இருந்தால், தமிழ்ப் பெயரை ஏணியாகப் பயன்படுத்துங்கள். "ஃபார்ட்டி செவன், அதாவது நாற்பத்தேழு, நாலு பத்து ஏழு" என்று ஒரு தடவை பிரித்துச் சொன்னாலே போதும்.

தமிழிலும் ஓர் இடம் வழுக்கும். எட்டு, எண்பது, எண்ணூறு என்று ஒழுங்காக வந்துவிட்டு, ஒன்பதில் வரிசை மாறுகிறது: ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம். ஒன்பதுக்குள் எண்பதில் இருப்பதுபோல ஒரு "பது" ஒலிக்கிறது, ஆனால் அது ஒன்றின் இடம். தொண்ணூறில் "நூறு" ஒலிக்கிறது, ஆனால் அது பத்தின் இடம். தொள்ளாயிரத்தில் "ஆயிரம்" ஒலிக்கிறது, ஆனால் அது நூறின் இடம். மூன்றும் ஒரு படி மேலே உள்ள பெயரைச் சூடிக்கொண்டு நிற்கின்றன. (பழந்தமிழில் ஒன்பதுக்குத் தொண்டு என்றே ஒரு பெயர் உண்டு.) ஆகவே தொண்ணூறை எழுதச் சொன்னால் குழந்தை 900 என்று எழுதினாலும், தொள்ளாயிரத்தை 9000 என்று எழுதினாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கட்டுகளை அடுக்கிக் காட்டுங்கள்: எட்டுக் கட்டு எண்பது, ஒன்பது கட்டு தொண்ணூறு, பத்துக் கட்டு நூறு.

இன்னொரு தவறு என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது. "இருபத்தெட்டு, இருபத்தொன்பது, இருபத்துப் பத்து" என்று எண்ணும் குழந்தை. அது ஒழுங்கைக் கண்டுபிடித்துவிட்டது, அதை எங்கே நிறுத்த வேண்டும் என்பது மட்டும்தான் தெரியவில்லை. "ஆமாம், இருபதும் பத்தும். அப்போது எத்தனை கட்டு ஆயிற்று?" என்று கேளுங்கள். மூன்று கட்டு. முப்பது. அவ்வளவுதான்.

ஒன்றின்மேல் ஒன்று வைக்கும் அட்டைகள்

3005 என்று எழுதும் பிள்ளைக்கு நான் கண்டவற்றில் மிகச் சிறந்த மருந்து இது. கெட்டி அட்டையை ஒரே அளவுக் கட்டங்களாகக் கோடு போடுங்கள். மூன்று கட்டம் நீளமுள்ள துண்டுகளில் 100, 200 என்று 900 வரை, கட்டத்துக்கு ஓர் இலக்கமாக எழுதுங்கள். இரண்டு கட்டத் துண்டுகளில் 10 முதல் 90 வரை. ஒரு கட்டத் துண்டுகளில் 1 முதல் 9 வரை. இப்போது 200, 40, 7 ஆகிய மூன்று துண்டுகளை எடுத்து, வலது ஓரங்கள் ஒன்றாகப் பொருந்தும்படி ஒன்றின்மேல் ஒன்று அடுக்குங்கள். 247 தெரியும். பிரித்தால் மறுபடி 200, 40, 7.

முந்நூற்று ஐந்துக்கு 300-ஐயும் 5-ஐயும் எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குழந்தை எழுதிய 3005 வரும். மேலே அடுக்கினால் 305 வரும். கடைசிப் பூஜ்யத்தின் மீது 5 உட்கார்ந்துவிட்டது, நடுவில் ஒரு பூஜ்யம் இன்னும் தெரிகிறது. "அந்தப் பூஜ்யம் ஏன் தெரிகிறது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பத்தின் அட்டை வைக்கவில்லை, அதனால் தெரிகிறது என்று பிள்ளையே சொல்லும். பள்ளியில் விரிவாக்க வடிவம் என்ற பெயரில் 247 = 200 + 40 + 7 என்று எழுதச் சொல்வார்கள். அட்டைகளோடு விளையாடிய பிள்ளைக்கு அதைத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்காது.

கூட்டலும் கழித்தலும்: கட்டுவதும் அவிழ்ப்பதும்

38 + 27 என்ற கணக்குக்கு 515 என்று விடை எழுதும் பிள்ளைகள் உண்டு. 3-உம் 2-உம் 5, 8-உம் 7-உம் 15, சேர்த்து 515. ஒவ்வொரு நெடுவரிசையும் தனித்தனிக் கணக்காகிவிட்டது. குச்சிகளை வைத்துச் செய்தால் இப்படி வர வழியில்லை. எட்டும் ஏழும் பதினைந்து உதிரிக் குச்சிகள். அதில் பத்தை எடுத்துக் கட்டலாம், மீதி ஐந்து. முன்பிருந்த மூன்று கட்டும் இரண்டு கட்டும், புதிதாகக் கட்டிய ஒன்றும் சேர்ந்து ஆறு கட்டு. 65. நெடுவரிசையின் தலையில் சின்னதாக எழுதும் அந்த 1, புதிதாகக் கட்டிய கட்டுதான். புத்தகம் இதை இனமாற்றம் என்கிறது. ஒன்றுகள் என்ற இனம் பத்து என்ற இனமாக மாறுகிறது. பெயர் கொஞ்சம் மிரட்டினாலும் பொருத்தமான பெயர்.

இங்கே பெற்றோர் செய்யக்கூடிய ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. பத்தின் வரிசையைக் கூட்டும்போது "மூணும் ரெண்டும் அஞ்சு" என்று சொல்லாமல் "முப்பதும் இருபதும் ஐம்பது" என்று சொல்லுங்கள். 515 எழுதிய பிள்ளையின் விடையை அந்த வாக்கியமே திருத்திவிடும்.

கழித்தலில்தான் அதிகப் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். 52 − 27 என்று கொடுத்தால் 35 என்று எழுதுவது மிகப் பரவலான தவறு. 2-இல் இருந்து 7 போகாது, எனவே 7-இல் இருந்து 2-ஐக் கழித்துவிடுகிறது குழந்தை. 5-இல் 2 போனால் 3. "சின்னதிலிருந்து பெரியதைக் கழிக்க முடியாது" என்று எப்போதோ நாம் சொன்னதை அது மதித்து நடந்திருக்கிறது. அதனால் அந்த வாக்கியத்தை அந்த வடிவில் சொல்லாமல் இருப்பதே நல்லது.

"பக்கத்தில் கடன் வாங்கு" என்பதும் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. கடன் என்றால் திருப்பித் தர வேண்டும், இங்கே யாரும் திருப்பித் தருவதில்லை. எங்கிருந்தோ ஒரு 1 பறந்து வந்து 2-இன் பக்கத்தில் உட்கார்ந்து 12 ஆகிறது, மந்திரம் மாதிரி. "கட்டை அவிழ்" என்றால் மந்திரம் இல்லை. ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் இருக்கின்றன. ஏழு உதிரி எடுக்க வேண்டும், போதவில்லை. ஒரு கட்டை அவிழ்க்கிறோம். இப்போது நாலு கட்டு, பன்னிரண்டு உதிரி. மொத்தம் இப்போதும் ஐம்பத்திரண்டுதான், எதுவும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஏழை எடுத்தால் ஐந்து, இரண்டு கட்டை எடுத்தால் இரண்டு கட்டு. 25.

302 − 147 போன்ற கணக்குகள் வரும்போது இந்தப் பழக்கம் கைகொடுக்கும். இரண்டு உதிரியிலிருந்து ஏழு எடுக்க வேண்டும், பக்கத்தில் அவிழ்க்கப் பத்தின் கட்டே இல்லை. சரி, அப்படியானால் ஒரு நூறை அவிழ்ப்போம். பத்துக் கட்டுகள் கிடைக்கும். அதில் ஒன்றை அவிழ்த்தால் பத்து உதிரி. கையில் இருப்பது இரண்டு நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒன்று. விடை 155. தாளில் பூஜ்யத்தை அடித்து 9 என்று எழுதுகிறோமே, அந்த 9 எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே பள்ளி முடித்தவர்கள் நம்மில் நிறையப் பேர்.

இதற்கு ஒரு விளையாட்டு உண்டு. இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும், விழுந்த எண்ணிக்கைக்குக் குச்சி எடுக்க வேண்டும், பத்து சேர்ந்தால் கட்ட வேண்டும். முதலில் நூறை எட்டுபவர் வெற்றி. அது பழகிய பிறகு தலைகீழாக ஆடுங்கள். ஆளுக்கு ஒரு நூறுக்கட்டு வைத்துக்கொண்டு தொடங்கி, விழுந்த எண்ணிக்கையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முதல் உருட்டலில் 7 விழுந்தால் கொடுக்க உதிரி இல்லை. நூறை அவிழ்த்து, அதிலொரு பத்தை அவிழ்த்து, ஏழைக் கொடுத்தால் கையில் ஒன்பது கட்டும் மூன்று உதிரியும். நேராக ஆடுவதைவிடத் தலைகீழ் ஆட்டம்தான் பயன் அதிகம், ஆனால் பலர் அதுவரை போவதில்லை.

347-இல் எத்தனை பத்து?

இந்தக் கேள்விக்கு "நாலு" என்று பதில் வரும். பத்தின் இடத்தில் நிற்பது 4 என்பது உண்மை. ஆனால் 347 குச்சிகளைப் பத்து பத்தாகக் கட்டினால் 34 கட்டுகள் வரும், ஏழு மீதி. நூறுக்குள்ளும் பத்துகள் ஒளிந்திருக்கின்றன. பத்தின் இடத்து இலக்கம் எது, மொத்தம் எத்தனை பத்து என்ற இரண்டு கேள்விகளும் வேறு. இரண்டாவது புரிந்த பிள்ளைக்கு வகுத்தல் எளிது. 347-ஐப் பத்தால் வகுத்தால் ஈவு 34, மீதி 7 என்பது அதற்கு ஏற்கெனவே தெரிந்த செய்தி. நடந்துகொண்டே கேட்கலாம்: 395-ஐ விடப் பத்து அதிகம் எது? 1003-ஐ விடப் பத்துக் குறைவு எது? (405, 993.) இவை சரியாக வந்தால் அடித்தளம் உறுதியாக இருக்கிறது.

பெருக்கலிலும் இதேதான். 23 × 14 செய்யும்போது இரண்டாவது வரியில் ஒன்றின் இடத்தில் ஒரு பெருக்கல் குறியோ புள்ளியோ போட்டுவிட்டு எழுதச் சொல்வார்கள். அந்த இடத்தில் பூஜ்யத்தையே போடச் சொல்லுங்கள். முதல் வரி 23 × 4 = 92, இரண்டாவது வரி 23 × 10 = 230, மொத்தம் 322. 1 என்பது இங்கே பத்து என்று அந்தப் பூஜ்யம் சொல்லிக்கொடுக்கும்.

பெரிய எண்களில் காற்புள்ளி பற்றி ஒரு வார்த்தை. 12,34,567 என்று எழுதிப் பன்னிரண்டு லட்சம் என்று படிக்கும் முறையும் உண்டு, 1,234,567 என்று எழுதி ஒரு மில்லியன் என்று படிக்கும் முறையும் உண்டு. இலக்கங்களும் இடங்களும் ஒன்றே. எங்கே மூச்சு விடுகிறோம் என்பதுதான் வேறு. இரண்டையும் பார்க்க நேரும் பிள்ளையிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

புள்ளிக்கு வலப்பக்கம்

ஐந்தாம் வகுப்பை ஒட்டித் தசம எண்கள் வரும். 1585-இல் சைமன் ஸ்டெவின் என்ற கணிதர் எழுதிய ஒரு சிறு நூல்தான் ஐரோப்பாவில் இவற்றைப் பரவலாக்கியது. யோசனை பழையதுதான். இடப்பக்கம் போகப் போகப் பத்து மடங்கு ஆகிறது என்றால், வலப்பக்கம் வர வரப் பத்தில் ஒரு பங்கு ஆகிறது. நூறு, பத்து, ஒன்று. அங்கே நிற்பானேன்? பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்று போய்க்கொண்டே இருக்கலாம். ஒன்றின் இடம் எது என்று காட்டத்தான் அந்தப் புள்ளி.

பிள்ளைகள் புள்ளியை நடுவாக வைத்து, இடப்பக்கம் "ஒன்று" இருப்பதுபோல வலப்பக்கமும் ஏதோ ஒரு "ஒன்று" இருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். நடுவில் இருப்பது ஒன்றின் இடம். அதற்கு இடப்பக்கம் பத்து, வலப்பக்கம் பத்தில் ஒன்று. இடப்பக்கம் இரண்டு தள்ளி நூறு, வலப்பக்கம் இரண்டு தள்ளி நூறில் ஒன்று. இதை ஒரு தடவை வரைந்து காட்டுவது நல்லது.

பத்தால் பெருக்கினால் "ஒரு பூஜ்யம் சேர்" என்ற குறுக்குவழி இங்கே காலை வாரிவிடும். 24-ஐப் பத்தால் பெருக்கினால் 240, சரி. 2.5-க்குப் பூஜ்யம் சேர்த்தால் 2.50, அதே எண்தான். விடை 25. நடப்பது பூஜ்யம் சேர்வது இல்லை. எல்லா இலக்கமும் ஓர் இடம் இடப்பக்கம் நகர்கிறது. முழு எண்களில் காலியான இடத்தை நிரப்பப் பூஜ்யம் வருகிறது, அவ்வளவே. மூன்றாம் வகுப்பிலேயே "நகர்கிறது" என்று சொல்லிப் பழக்கியிருந்தால் ஐந்தாம் வகுப்பில் மறக்கவைக்க வேண்டிய வேலை இருக்காது.

0.35 பெரியதா, 0.4 பெரியதா? 35 நான்கைவிடப் பெரியது என்பதால் 0.35 என்று பல பிள்ளைகள் சொல்வார்கள். பத்துக்குப் பத்துக் கட்டம் போட்ட சதுரம் ஒன்றை வரைந்து, முழுச் சதுரம்தான் ஒன்று என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு நெடுவரிசை பத்தில் ஒன்று, ஒரு சிறு கட்டம் நூறில் ஒன்று. 0.4-க்கு நாலு நெடுவரிசைக்கு வண்ணம் தீட்ட வேண்டும், அது நாற்பது கட்டம். 0.35-க்கு மூன்று நெடுவரிசையும் ஐந்து கட்டமும். தீட்டி முடித்ததும் எது பெரியது என்று மறுபடி கேளுங்கள். படிக்கும்போதும் "பூஜ்யம் புள்ளி முப்பத்தைந்து" என்று சொல்ல வேண்டாம், "பூஜ்யம் புள்ளி மூன்று ஐந்து" என்று சொல்லுங்கள். முப்பத்தைந்து என்ற பெயர்தான் அந்தக் குழப்பத்துக்குத் தீனி போடுகிறது. பிறகு அதே சதுரத்தின் ஒரு சிறு கட்டத்தைக் காட்டி, இதையும் பத்தாகப் பிரித்தால் ஒரு துண்டுக்கு என்ன பெயர் என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.